ஸ்விஸ் பெட்டியும் தேங்காப்பட்டணத்து வயர்லெசும்

தேங்காப்பட்டணம் பக்கம் கருங்கல் என்ற ஊரில் எனக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடை. வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், இன்வெர்ட்டர் என்று மீன்பிடிப் போட்டில் உப்புக்காற்று தின்ற எதுவானாலும் என் மேசைக்கு வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஆட்கள். வயர்லெஸ் வாங்கும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் எடுக்கும்?" இரண்டாவது, "ஸ்கிராம்பிளர் உண்டா?"

கடலில் வி.ஹெச்.எஃப். வயர்லெசில் பேசுவது ஊர் முக்கில் நின்று சத்தம்போட்டுப் பேசுவது மாதிரி. அந்தச் சேனலில் யார் இருந்தாலும் கேட்கும். ஒரு பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) கேரை மீன் கூட்டமாக நிற்கிறது என்று நம் பங்காளி போட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், விடியும்போது சுற்றிலும் பத்து போட்டு நிற்கும். அதனால்தான் ஸ்கிராம்பிளர். பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசினால் மற்றவர்களுக்குக் கீச்சும் கொரகொரப்புமாகத்தான் கேட்கும். அதே பொத்தான் உள்ள இன்னொரு செட்டில் மட்டும் பேச்சு தெளிவாக வரும்.

போட்டு ஓட்டும் ஒரு மூத்த ஸ்ராங்கு இந்தப் பொத்தானை அவ்வளவு நம்பினார். அவரிடம் ஒரு வேடிக்கை காட்டினேன். ரிசீவரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை லேப்டாப்புக்கு இழுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஒலி மென்பொருளைத் திறந்தேன். மலிவு செட்டுகளில் இருக்கும் ஸ்கிராம்பிளர் செய்வதெல்லாம் ஒரே வேலைதான்: குரலைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. நம் பேச்சு சுமார் 300 ஹெர்ட்சிலிருந்து 3000 ஹெர்ட்ஸ் வரை விரிந்திருக்கும். அதில் கீழே உள்ளதை மேலேயும் மேலே உள்ளதைக் கீழேயும் தூக்கிப் போட்டுவிடும். திருப்பிக் கவிழ்த்தால் பழையபடி பேச்சு. இதில் சாவி, அதாவது பேசுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண், என்று ஒன்று கிடையாது, எந்த இடத்தில் கவிழ்த்தது என்று தெரிந்தால் போதும். மவுசால் ஒரு கோட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தேன். கீச்சு கரைந்து ஒரு மனிதக் குரல் வந்தது. "ஐஸ் தீரப்போவுது, நாளைக்கு கரை கேறிருவோம்" என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ராங்கு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மக்கா, இது இத உண்டாக்குன கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சிட்டா விக்கான்?"

மலிவு செட்டைப் பொறுத்தவரை பதில் எளிது. அந்த விலைக்கு அதுதான் வரும், பெரிய ரகசியம் காப்போம் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் கேள்வியை அப்படியே தூக்கி, லட்சக்கணக்கில் விலை வைத்து அரசாங்கங்களுக்கு விற்ற ஒரு கம்பெனியிடம் வைத்தால் பதில் வேறு மாதிரி வருகிறது. எனக்கு இந்த விஷயத்தில் பைத்தியம் பிடித்ததே அந்தக் கம்பெனியின் கதையைப் படித்த பிறகுதான்.

ஸ்விட்சர்லாந்தில் ட்சூக் என்ற ஊர்ப் பக்கம் இருந்து, செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி குழப்பி அனுப்பும் சங்கேத இயந்திரங்களைச் செய்த கிரிப்டோ ஏ.ஜி. அதைத் தொடங்கியவர் போரிஸ் ஹாகெலின். 1892இல் இன்றைய அஸர்பைஜானில் பிறந்த ஸ்வீடன்காரர். இரண்டாம் உலகப் போரின்போது தன் இயந்திரத்தின் வரைபடங்களோடு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடைய எம்-209 என்ற கையடக்கச் சங்கேத இயந்திரம் அமெரிக்கப் படைக்காகச் சுமார் 1,40,000 எண்ணிக்கையில் தயாரானது. ஹாகெலின் பெரும் பணக்காரர் ஆனார். போர் முடிந்து ஸ்விட்சர்லாந்தில் கடை விரித்தார். நடுநிலை நாடு, கடிகாரம் செய்கிற நாடு, வங்கி ரகசியம் காக்கிற நாடு. சங்கேத இயந்திரம் விற்க இதைவிட நல்ல முகவரி உலகத்தில் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவின் சங்கேத மேதை வில்லியம் ஃபிரீட்மேன் ஹாகெலினின் நண்பர். 1951இல் வாஷிங்டனில் ஒரு கிளப்பில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு ஒப்பந்தம் பேசினார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, வெறும் கைகுலுக்கல். நல்ல இயந்திரத்தை அமெரிக்கா சொல்கிற நாடுகளுக்கு மட்டும் விற்பது, மற்றவர்களுக்குப் பழைய, பலவீனமான மாடல்களைத் தள்ளுவது. பிறகு பணமும் கைமாறியது. 1967இல் வந்த ஹெச்-460 என்ற மின்னணு இயந்திரத்தின் உள்வேலையை வடிவமைத்ததே அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. 1970இல் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவு நிறுவனமான பி.என்.டி.யும் சேர்ந்து 57.5 லட்சம் டாலருக்குக் கம்பெனியையே ரகசியமாக வாங்கிவிட்டன. லிக்டன்ஸ்டைனில் ஒரு வக்கீல் நிறுவனம் முதலாளிகளின் பெயர் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டது. அந்த நடவடிக்கைக்கு முதலில் 'தெசாரஸ்' என்றும் பிறகு 'ரூபிகான்' என்றும் பெயர்.

நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இந்தப் பெட்டிகளை வாங்கின. ஈரான், லிபியா, அர்ஜென்டினா, எகிப்து. இந்தியாவும் பட்டியலில் உண்டு. பாகிஸ்தானும் உண்டு. நாம் அவர்களிடமிருந்தும் அவர்கள் நம்மிடமிருந்தும் மறைக்கக் காசு கொடுத்து வாங்கிய பெட்டி, இரண்டு பேர் கடிதத்தையும் மூன்றாவது ஆள் படிக்க வசதி செய்து கொடுத்திருக்கிறது! சோவியத் யூனியனும் சீனாவும் மட்டும் கடைசிவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 1980களில் என்.எஸ்.ஏ. படித்த வெளிநாட்டுத் தூதரகச் செய்திகளில் சுமார் 40 சதவீதம் இந்தப் பெட்டிகள் வழியாக வந்தவை.

ரிப்பேர்காரனாக என்னைக் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டிகளில் எந்தப் பழுதும் இல்லை. தட்டிய செய்தி குழம்பிப் போகும், அந்தப் பக்கம் சரியாகத் திரும்பி வரும். வருடக்கணக்கில் ஒரு தடவை கூட மக்கர் செய்யாது. வாங்கினவன் செய்யக்கூடிய எல்லா சோதனையிலும் அது பாஸ். என் கடைக்கு வந்திருந்தால் நானும் ஒரு குறையும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்திருப்பேன். வேலை செய்யாத செட்டில் குறையைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். இது நன்றாக வேலை செய்துகொண்டே, வேறு ஒருவருக்கும் வேலை செய்கிற செட். அதைப் பிடிக்க மீட்டர் கிடையாது, கணக்கு வேண்டும். கணக்கு தெரிந்தவர்கள் எல்லாம் விற்கிற பக்கத்தில் இருந்தார்கள்.

எல்லோரும் உடந்தை என்றும் நினைக்கவேண்டாம். கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் உண்மை தெரியும். பேட்டர் ஃப்ரூட்டிகர் என்ற பொறியாளர், சிரியாக்காரர்கள் குறை சொல்கிறார்கள் என்று டமாஸ்கசுக்குப் போய் வந்தவர், யாரையும் கேட்காமல் ஓட்டையை அடைக்கத் தொடங்கினார். 1977இல் வேலை போயிற்று. அடுத்த வருடம் மெங்கியா காஃப்ளிஷ் என்ற பெண் பொறியாளர் சேர்ந்தார். எதுவும் தெரியாமல் இருக்க இவருக்கு மூளை அதிகம் என்று என்.எஸ்.ஏ. ஆரம்பத்திலேயே கவலைப்பட்டது. கவலை வீண்போகவில்லை. அவரும் சக பணியாளர்களும் தங்கள் கம்பெனி இயந்திரத்தையே உடைத்துப் பார்த்தார்கள். செய்தியில் நூறு எழுத்து அளவுக்கு மூலம் தெரிந்தால் மீதியும் விழுந்துவிடுகிறது என்று கண்டார்கள்.

இதை எங்கள் கடலில் வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஸ்கிராம்பிளரை நம்பாத போட்டுக்காரர்கள் பாயிண்டை (நிற்கிற இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணை) கணக்குப் போட்டுச் சொல்வார்கள். கரையில் வைத்தே ஒரு எண்ணைப் பேசிக்கொள்வது, 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற இடம் 7 டிகிரி 12 மினிட் என்றால், வயர்லெசில் 29 மினிட் என்பார்கள். கேட்கிற பங்காளி 17ஐக் கழித்துக்கொள்வார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் போட்டு 12இல் நிற்பதை ஒருவன் கண்ணால் பார்த்துவிட்டு, அதே நேரத்தில் 29 என்பதையும் காதால் கேட்டுவிட்டால் தீர்ந்தது. அந்தக் கடல் தங்கல் முடியும்வரை அவர்கள் சொல்கிற ஒவ்வொரு பாயிண்டும் அவனுக்கும் பாயிண்ட்தான். உண்மைச் செய்தியில் ஒரு துண்டும் அதன் சங்கேத வடிவமும் சேர்ந்து கையில் கிடைத்தாலும் சாவி வெளியே வரக்கூடாது. ஒரு நல்ல சங்கேத முறைக்கு இதுதான் முதல் பரீட்சை. தூதரகக் கடிதங்கள் எப்போதும் ஒரே மாதிரி வணக்கத்தோடும் பதவிப் பெயர்களோடும் தொடங்கும். நூறு எழுத்தை ஊகிப்பது பெரிய காரியமே அல்ல.

காஃப்ளிஷ் அதோடு நிற்கவில்லை. தானே ஒரு பலமான அல்காரிதம் (சங்கேதமாக்கும் கணக்குமுறை) எழுதினார். நிர்வாகம் விழித்துக்கொண்டு நிறுத்துவதற்குள் அது ஹெச்.சி.-740 என்ற மாடலில் 50 பெட்டிகளில் ஏறிவிட்டது. அந்த 50ஐயும் வங்கிகளுக்கு விற்றுத் தள்ளினார்களாம், எந்த வெளிநாட்டு அரசாங்கத்தின் கைக்கும் போகாமல். நல்ல சரக்கு தவறிப்போய்த் தயாராகிவிட்டதே என்று ஒரு கம்பெனி பதறிய கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஹான்ஸ் பியூலர் கதைதான் எனக்கு அதிகம் உறுத்துவது. அவர் கம்பெனியின் விற்பனையாளர், ஈரான் அவருடைய முக்கிய வாடிக்கையாளர். 1992 மார்ச்சில் டெஹ்ரானில் பிடித்து உள்ளே போட்டார்கள். ஒன்பது மாதம் விசாரணை. உங்கள் பெட்டியில் என்ன கள்ளத்தனம் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. 10 லட்சம் டாலர் கட்டி அவரை மீட்டார்கள். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் வேலையை விட்டு அனுப்பிவிட்டு, கட்டிய பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள். மனுசர் பத்திரிகைகளிடம் பேச ஆரம்பித்தார். செட்டைக் கையில் கொடுத்து "நல்லது, கொண்டுபோங்க" என்று தினமும் சொல்கிற ஆள் நானும். நான் சொல்வதை நான் நம்புகிறேன், சரி. எனக்கு விற்றவனுக்கு என்ன தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

1995இல் அமெரிக்காவின் 'பால்டிமோர் சன்' நாளிதழ் இந்த உறவைப் பற்றி விரிவாக எழுதியது. கம்பெனி மறுத்தது. சில நாடுகள் விலகின, பல நாடுகள் வாங்கிக்கொண்டே இருந்தன. இங்கேதான் சந்தேகத்தின் இயல்பு எனக்குப் புரிகிறது. அதற்கு முன்பே, பிரிட்டனோடு ஃபாக்லாந்து போர் நடந்த 1982இல் அர்ஜென்டினாவுக்குச் சந்தேகம் வந்தது. கம்பெனி தன் கணித நிபுணர் ஷெல்-ஓவே விட்மனை அனுப்பியது. அவர் விஷயம் தெரிந்த சிலரில் ஒருவர். நீங்கள் வைத்திருக்கும் பழைய குரல் ஸ்கிராம்பிளரைத்தான் உடைத்திருப்பார்கள், எங்கள் சி.ஏ.ஜி. 500ஐ உடைக்கவே முடியாது என்று சொன்னார். நம்பிவிட்டார்கள். ஸ்கிராம்பிளர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பெரிய பெட்டியைக் காப்பாற்றியதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பொய் நம்பும்படி இருந்ததற்குக் காரணம், பழைய ஸ்கிராம்பிளர் பலவீனமானது என்பது நம்பக்கூடியதாக இருந்ததுதான். இன்னொரு காரணமும் இருக்கும் என்பது என் ஊகம். ஏமாந்தோம் என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பெட்டியை வாங்கக் கையெழுத்துப் போட்ட அதிகாரி பதில் சொல்லவேண்டும். எந்த ஊர் ஆபீசிலும் அதற்கு ஆள் கிடைக்காது.

பி.என்.டி. 1993இல் தன் பங்கை விற்று விலகியது. சி.ஐ.ஏ. 2018 வரை வைத்திருந்தது. 2020 பிப்ரவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழும் ஜெர்மானிய, ஸ்விஸ் தொலைக்காட்சிகளும் சி.ஐ.ஏ.வின் உள்வரலாற்றையே வைத்து முழுக்கதையையும் வெளியிட்டன. அதே வருடம் நவம்பரில் ஸ்விஸ் நாடாளுமன்றக் குழு, தங்கள் உளவுத்துறைக்கு 1993 முதலே விஷயம் தெரியும் என்று அறிக்கை கொடுத்தது. நடுநிலையின் லட்சணம் அது.

சந்தேகப்படுவது எல்லாம் உண்மையாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 1977இல் அமெரிக்கா டி.இ.எஸ். என்ற சங்கேத முறையைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, என்.எஸ்.ஏ. அதன் உள்ளே உள்ள அட்டவணைகளில் கைவைத்தது என்று தெரிந்து எல்லோரும் அங்கேதான் கள்ளக்கதவு என்றார்கள். பல வருடம் கழித்து, வெளியுலகம் அப்போது அறியாத ஒரு தாக்குதலுக்கு எதிராக அந்த அட்டவணைகள் பலப்படுத்தப்பட்டவை என்று தெரிந்தது. ஆனால் சாவியின் நீளம் 56 பிட்டாகச் (பிட் குறையக் குறைய, போட்டுப் பார்க்கவேண்டிய சாவிகளும் குறையும்) சுருங்கியதில் அதே என்.எஸ்.ஏ.வுக்குப் பங்கு உண்டு. 1998இல் இரண்டரை லட்சம் டாலருக்குள் செய்த ஒரு இயந்திரம் மூன்று நாளுக்குள் அந்தச் சாவியைக் கண்டுபிடித்தது. எல்லோரும் அட்டவணையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குறையோ எல்லோருக்கும் தெரியும்படி சாவி நீளத்தில் கிடந்தது.

சாவியைச் சுருக்குவது பழைய வித்தை, இன்னும் சாகவில்லை. பல நாடுகளில் போலீஸ், துறைமுகம், விமான நிலையங்களில் பயன்படும் டெட்ரா வயர்லெசை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அல்காரிதங்களை 1990களிலிருந்து யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்கள். 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு செட்டைப் பிரித்து உள்ளேயிருந்து அதை எடுத்தார்கள். டி.இ.ஏ.1 என்ற வகையில் சாவி 80 பிட் என்று போட்டிருந்தது. உள்ளே போனதும் அது 32 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது! 80 பிட் என்றால் 1க்குப் பின்னால் 24 சைபர் அளவுக்குச் சாவிகள். 32 பிட் என்றால் சுமார் 429 கோடிதான். சாதாரண லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். டெட்ராவுக்குத் தரம் வகுத்த அமைப்பு சொன்ன விளக்கம்: இது கள்ளக்கதவு அல்ல, பலமான சங்கேதத்தை வெளிநாட்டுக்கு விற்கத் தடுத்த அந்தக் காலத்து ஏற்றுமதிக் கட்டுப்பாடு. இருக்கட்டும். பெட்டியின் மேல் 80 என்று எழுதியது எந்தக் கட்டுப்பாடு?

2ஜி போன்களில் இணையம் வந்த காலத்து ஜி.இ.ஏ.-1 கதையும் இதேதான். 64 பிட் சாவி, கிடைத்த பாதுகாப்பு 40 பிட். தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று 2021இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாம் எல்லோரும் ஒரு காலத்தில் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த போன்கள் அவை.

நீளத்தைத் தொடாமலும் சாவியைக் கெடுக்கலாம். சாவி செய்ய யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும், அவற்றைத் தருகிற இயந்திரத்தில் கைவைத்தால் போதும். டூயல் இ.சி. என்று ஒரு முறையை 2006இல் அமெரிக்கத் தர நிறுவனம் அங்கீகரித்தது. அதில் காரணம் சொல்லாமல் கொடுக்கப்பட்ட இரண்டு எண்கள் இருந்தன. அவற்றுக்கு இடையிலான உறவு தெரிந்தவன், வரப்போகிற எண்களை எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று 2007இலேயே மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த டேன் ஷூமோவும் நீல்ஸ் ஃபெர்குசனும் எடுத்துக்காட்டினார்கள். 2013இல், என்.எஸ்.ஏ. ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனின் ஆவணங்கள் வந்த பிறகுதான் உலகம் நம்பியது. அந்த முறையே தன் மென்பொருளில் தானாகத் தேர்வாகும்படி வைக்க ஆர்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் என்.எஸ்.ஏ.விடம் ஒரு கோடி டாலர் வாங்கியது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. தெரிந்தே எங்கள் பொருளைப் பலவீனமாக்கவில்லை என்றது நிறுவனம்.

இதில் விஷயம் 2015இல்தான் சூடு பிடித்தது. ஜூனிபர் என்ற நிறுவனத்தின் நெட்வொர்க் பெட்டிகளிலும் இதே முறை இருந்தது. யாரோ ஒரு மூன்றாம் ஆள் உள்ளே புகுந்து, அந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் தனக்குத் தெரிந்த எண்ணாக மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். கள்ளக்கதவு ஏற்கனவே இருந்தது, பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டான். 2024இலும் அதுதான் நடந்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்க என்று அரசாங்கத்துக்காக வைத்திருந்த அமைப்புகள் வரை சீனாவோடு தொடர்புள்ள ஊடுருவிகள் கைநீட்டினார்கள். நமக்கு மட்டும் திறக்கும் என்று நினைத்து வைக்கிற கதவுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

நம் அரசாங்கத்துக்கும் இந்த ஆசை உண்டு, ஆனால் இங்கே அது பெரும்பாலும் சட்டமாக வெளிப்படையாகவே வரும். 1990களின் கடைசியில் இணையச் சேவைக்கு உரிமம் கொடுத்தபோது, 40 பிட்டுக்கு மேல் சங்கேதம் வேண்டுமானால் அனுமதி வாங்கி, சாவியையும் ஒப்படைக்கவேண்டும் என்று விதி வைத்தார்கள். 2001இல் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. இரண்டும் ஒரே நாட்டு விதி! 2015 செப்டம்பரில் வந்த ஒரு வரைவுக் கொள்கை, அனுப்பிய செய்தியின் மூலத்தை 90 நாள் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்றது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய குட்மார்னிங்கையும் எடுத்து வைக்கவேண்டுமா என்று ஊரே சிரித்ததும் சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எங்கள் கரைக்கு இது சிரிப்பு இல்லாத விஷயமாக வந்தது சேட்டலைட் போனில். வி.ஹெச்.எஃப். கொஞ்ச தூரம்தான் எடுக்கும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் போட்டுகளோ கொச்சியிலிருந்து கிளம்பி லட்சத்தீவு தாண்டி, குஜராத் வரைக்கும் போகும், வாரக்கணக்கில் தங்கும். சேட்டலைட் போன் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மும்பைத் தாக்குதல் நடத்தியவர்கள் கையில் சேட்டலைட் போன் இருந்தது என்பதால் 2008க்குப் பிறகு கெடுபிடி அதிகம். துரயா, இரிடியம் போன்களை அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. பேச்சு நம் நாட்டு நிலையம் வழியாகப் போகவில்லை, கேட்க வழியில்லை என்பதே அதற்குக் காரணம். பி.எஸ்.என்.எல். வழியாக வரும் இன்மார்சாட் மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2017 நவம்பர் 30, ஓகி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களில் எத்தனை பேர் கையில் அது இருந்தது என்று சின்னத்துறையிலோ நீரோடியிலோ யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டம் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2012இலேயே ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துரயா, இன்மார்சாட் ஆகிய இரண்டு வகைப் போன்களின் மென்பொருளையும் பிரித்துச் சங்கேதத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். துரயாவில் இருந்தது, செல்போன் உலகில் ஏற்றுமதிக்கென்று பலவீனமாகச் செய்யப்பட்ட ஏ5/2 என்ற முறையின் தம்பி. இன்மார்சாட்டில் இருந்ததும் வலுவானது அல்ல. ஓகி வந்த அதே 2017இல் சீன ஆய்வாளர்கள் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். கேட்க முடியாது என்று தடுத்த போனையும் கேட்க முடியும், நாம் மட்டும் கேட்கலாம் என்று அனுமதித்த போனையும் யாரும் கேட்கலாம்.

சரி, எதைத்தான் நம்புவது என்று கடையில் கேட்பார்கள். எப்படிச் செய்தது என்பதை ஊர் அறியப் பிரித்து வைத்து, எதிரியைக் கூப்பிட்டு உடைத்துப் பார் என்று சொன்னதையே நான் நம்புவேன். சாவியைத் தவிர மற்றதெல்லாம் எதிரிக்குத் தெரிந்தாலும் ரகசியம் நிற்கவேண்டும் என்று கெர்க்ஹாஃப்ஸ் என்ற சங்கேத அறிஞர் 1883லேயே எழுதிவிட்டார். இன்று வங்கி ஆப் முதல் வாட்ஸ்அப் வரை எல்லாவற்றிலும் இருக்கும் ஏ.இ.எஸ். என்ற சங்கேத முறை, பல நாட்டுக் கணிதக்காரர்கள் ஒருவர் முறையை மற்றவர் அடித்துப் பார்த்த திறந்த போட்டியில் தேர்வாகி, 2001இல் தரமாக வந்தது. ஜெயித்தவர்கள் இரண்டு பெல்ஜியம்காரர்கள். அமெரிக்க அரசு நிறுவனம் நடத்திய போட்டிதான், ஆனாலும் யாரும் அதைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. ஒளிக்க அங்கே இடமே இருக்கவில்லை. இரகசிய அல்காரிதம், ராணுவத் தரம் என்று அட்டையில் போட்டு விற்கிற பெட்டியைப் பார்த்தால் எனக்கு ட்சூக் ஞாபகம் வந்துவிடும்.

இப்போது இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது. 2024இல் தொடங்கிய திட்டம், 364 கோடி ரூபாய், கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் போட்டுகளுக்கு இலவசம். ஆபத்து என்றால் கரைக்குச் செய்தி போகும், புயல் எச்சரிக்கை போட்டுக்கு வரும், எல்லை தாண்டினால் சொல்லும். நான் அதற்கு முழு ஆதரவு. ஓகியில் எங்கள் ஆட்களுக்கு வேண்டியிருந்தது ரகசியம் அல்ல, யாராவது ஒருவர் காதில் விழுந்தால் போதும் என்றுதான் இருந்தது. அரசாங்கம் பார்க்கும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிப் பொருத்துகிற பெட்டியை, ரகசியம் காக்கும் என்று சொல்லி விற்ற பெட்டியோடு சேர்த்து வைக்க எனக்கு மனமில்லை. ஒரே ஒரு கேள்வி பாக்கி: போட்டு நிற்கிற இடம் கரையில் யார் யார் திரைக்குப் போகும்? அதை எழுத்தில் வைத்தால் நல்லது.

இதை அந்த ஸ்ராங்கு மாமாவிடம் சொன்னேன். அவருக்குக் கவலையே இல்லை. "பக்கத்து போட்டுக்காரனுக்குத் தெரியாம இருந்தா போதும் மக்கா. கவுர்மெண்டு வந்து மீனா பிடிக்கப் போவுது?"

"பக்கத்து போட்டுக்காரனுக்க மச்சினன் அந்த ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தான்னா?"

தாடியைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார். "அப்பிடின்னா அந்தப் பயலுக்கு நம்ம கொச்சுமோள கெட்டிக் குடுத்திர வேண்டியதுதான்."